செல்லுகிற வாக்கு: வேலை தெரிந்தவர்கள் சமூக ஊடகத்தில் எழுதத் தொடங்குவது எப்படி?

2024 அக்டோபர் நடுவில் சென்னைக்கு ரெட் அலர்ட் என்று சொன்னதும் வேளச்சேரி மேம்பாலத்தில் கார்கள் வரிசை கட்டி நின்றன. அப்படி நிறுத்தச் சொல்லி யாரும் உத்தரவு போடவில்லை. பழைய வெள்ளங்களில் வண்டியைப் பறிகொடுத்தவர்கள் செய்தியைப் படித்தார்கள், சாவியை எடுத்தார்கள், மேட்டில் கொண்டுபோய் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பினார்கள். ரெட் அலர்ட் கொடுத்திருந்த 16ஆம் தேதி, பயந்த அளவுக்கு மழை பெய்யவில்லை என்பது வேறு விஷயம். அதற்குப் பிறகு வருகிறேன்.

இந்த மாதிரி நாட்களில் சென்னைக்காரர்கள் இரண்டு இடங்களைப் பார்ப்பார்கள். ஒன்று, மண்டல வானிலை ஆய்வு மையத்தின் அறிக்கை. இன்னொன்று, 'தமிழ்நாடு வெதர்மேன்' என்ற பெயரில் எழுதும் பிரதீப் ஜானின் பக்கம். அவர் வானிலைத் துறை ஊழியர் இல்லை, வானிலை அறிவியலில் பட்டம் வாங்கியவரும் இல்லை. நகர்ப்புறக் கட்டமைப்பு நிதி சார்ந்த நிறுவனம் ஒன்றில் வேலை பார்த்துக்கொண்டே, மழையின் மேல் இருந்த பித்தால் எழுத வந்தவர். 2015 டிசம்பர் 1ஆம் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டி ஊர் மூழ்கிய அந்த நாட்களில்தான் அவர் பெயர் வீட்டுக்கு வீடு தெரிந்தது. ஆனால் அவர் அன்றைக்குத்தான் எழுதத் தொடங்கினார் என்று நினைத்துவிட வேண்டாம். யாரும் பெரிதாகப் படிக்காத காலத்திலிருந்தே மழைக் கணக்கை எழுதிவந்தவர்.

பதவியோ முத்திரையோ இல்லாமல், ஒரு துறையில் ஒருவருடைய சொல் இவ்வளவு தூரம் எடுபடுவது எப்படி? அதை நம் வேலைக்கும் கொண்டுவர முடியுமா? முடியும். ஆனால் 'பர்சனல் பிராண்டிங்' வகுப்புகளில் சொல்லித்தரும் விதத்தில் இல்லை. அப்படி ஒரு வகுப்புக்கு நானும் பணம் கட்டியிருக்கிறேன். முப்பது நாளுக்கு முப்பது வாக்கியங்களைக் கோடிட்ட இடங்களோடு கொடுத்தார்கள். என் வேலையைப் பற்றி அவற்றில் ஒரு வார்த்தை கிடையாது.

செல்லும், செல்லாது

நம் மொழியில் இதற்கு ஏற்கெனவே நல்ல சொல் இருக்கிறது: செல்வாக்கு. பிரித்தால் செல், வாக்கு. செல்லுகிற வாக்கு. 'இந்த நோட்டு செல்லுமா?' என்று கேட்கிறோமே, அதே செல்.

2016 நவம்பர் 8ஆம் தேதி இரவு 500, 1000 ரூபாய் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தார்கள். மறுநாள் காலை பீரோவைத் திறந்து பார்த்தால் அதே காந்தி, அதே தாள். ஆனால் வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. நோட்டின் மதிப்பு தாளில் இல்லை, எதிரில் நீளும் கையில் இருக்கிறது. வாக்கும் அப்படித்தான். நீங்கள் எவ்வளவு எழுதினீர்கள் என்பது நோட்டு அடித்த கணக்கு. அதை நம்பி யாராவது எதையாவது மாற்றிச் செய்தார்களா என்பதுதான் அது செல்லுகிறதா என்ற கணக்கு. காரை மேம்பாலத்துக்கு நகர்த்துவது, சிமெண்ட்டை மாற்றி வாங்குவது, வேலைக்கு ஆள் எடுக்கும்போது உங்கள் பெயரைச் சொல்வது எல்லாம் இரண்டாவது கணக்கில் வரும்.

இதனால்தான் பின்தொடர்பவர் எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் எனக்கு நம்பிக்கை இல்லை. நடன ரீல்ஸ் போட்டு ஒரு லட்சம் பேரைச் சேர்த்த பல் மருத்துவரைவிட, ஊருக்குள் 900 பேர் மட்டும் பார்க்கிற, 'வேர் சிகிச்சை முடிந்த அன்று என்ன சாப்பிடலாம்' என்று பொறுமையாகச் சொல்கிற பல் மருத்துவருக்குத் தொழிலில் செல்வாக்கு அதிகம். லட்சம் பேரில் முக்கால்வாசிப் பேர் வேறு மாநிலத்தில் இருப்பார்கள். அவர்களுக்குப் பல்லும் வலிக்காது.

எட்டரை மணி மழைமானி

வெதர்மேன் விஷயத்தில் நான் முக்கியமாக நினைப்பது ஒன்று. நம் நாட்டில் மழை அளவை காலை 8.30 மணிக்குக் கணக்கெடுப்பார்கள். முந்தைய 24 மணி நேரத்தில் நுங்கம்பாக்கத்தில் எவ்வளவு, மீனம்பாக்கத்தில் எவ்வளவு என்று எண் வந்துவிடும். அதாவது, முந்தின இரவு ஒருவர் எழுதியது சரியா தவறா என்பது காலைக் காப்பிக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். மழுப்ப முடியாது. 'கனமழைக்கு வாய்ப்பு இருக்கலாம்' என்று பொத்தாம்பொதுவாகச் சொல்லிவிட்டுப் போகலாம்தான். ஆனால் அவர் இந்தப் பக்கம், இந்த நேரம் என்று குறித்துச் சொல்வார், பழைய வருடங்களின் எண்ணை எடுத்துப் பக்கத்தில் வைப்பார். சொன்னது சோதனைக்கு வருகிறது, திரும்பத் திரும்ப வருகிறது, பெரும்பாலும் தேறுகிறது. செல்வாக்கு அங்கேதான் சேர்கிறது.

தேறாத நாட்களும் உண்டு. 2024 அக்டோபர் 16 மாதிரி. அந்த மழை மண்டலம் போக்குக் காட்டிவிட்டது. வானிலை சொல்பவர்கள் எல்லோருக்கும் இப்படி நாள் வரும். அன்றைக்கு என்ன செய்கிறார் என்பதை மக்கள் கவனிக்கிறார்கள். பழைய பதிவை நைஸாக அழித்துவிட்டுப் போகிறவரின் அடுத்த பத்துச் சொற்கள் செல்லாது. 'நான் இப்படிக் கணித்தேன், இந்தக் காரணத்தால் மாறிவிட்டது' என்று எழுதுகிறவரை மறுநாளும் படிப்பார்கள்.

ஆகவே எழுத உட்காரும் முன் உங்கள் துறையில் அந்த எட்டரை மணி மழைமானி எது என்று கண்டுபிடியுங்கள். நீங்கள் சொன்னதை வாசகர் தானே போய்ச் சரிபார்க்கக்கூடிய இடம். கணக்குப் பார்ப்பவருக்கு அது படிவத்தில் இருக்கும், தேதியில் இருக்கும். மெக்கானிக்குக் காதில் விழும் சத்தத்தில் இருக்கும். ஆசிரியருக்கு ஒரு கணக்கு எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குப் புரிந்ததா இல்லையா என்பதில் இருக்கும். 'வெற்றிக்கு விடாமுயற்சி தேவை' என்ற பதிவுக்கு மழைமானியே கிடையாது. அதனால்தான் அதற்கு ஆயிரம் லைக் விழுந்தாலும் எழுதியவருக்கு ஒன்றும் சேர்வதில்லை.

ஒரு தளம் போடும் நாள்

உதாரணத்துக்கு மதுரையில் வீடு கட்டித்தரும் இளம் பொறியாளர் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். பொதுவாக அவர் என்ன போடுவார்? பூமி பூஜைப் படம். முகப்பின் முப்பரிமாணப் படம். 'உங்கள் கனவு இல்லம், எங்கள் பொறுப்பு' என்று ஒரு வரி. கீழே கைப்பேசி எண். பக்கத்துத் தெருப் பொறியாளர் போடுவதும் அதேதான், படத்தில் வாழைமரம் மட்டும் வேறு.

இப்போது வீடு கட்டுகிறவரின் பக்கம் வந்து பாருங்கள். அவர் தூக்கம் கெடுகிற இரவு எது? தளத்துக்குக் கான்கிரீட் போடுவதற்கு முந்தின இரவு. லோன் போட்டு, நகை வைத்து, ஒரே நாளில் லட்சக்கணக்கில் கொட்டப்போகிறார். கொட்டிய பிறகு பிரித்துப் பார்க்க முடியாது. மேஸ்திரி சொல்வது சரியா என்று கேட்க ஆள் இல்லை. இரவு பதினொரு மணிக்கு யூடியூபில் தேடிக்கொண்டிருப்பார்.

அவருக்கு எழுதுங்கள். காலையில் கலவை வண்டி வருவதற்குள் அவர் தன் கண்ணால் பார்க்கக்கூடியவற்றை எழுதுங்கள். கம்பிக்கும் சென்ட்ரிங் தகட்டுக்கும் நடுவில் கவர் பிளாக் என்கிற சின்னக் கட்டைகளை வைத்திருக்கிறார்களா? சாதாரணச் சூழலில் தளத்தின் கம்பியை 20 மில்லிமீட்டர் கான்கிரீட் மூடியிருக்க வேண்டும். கம்பி தகட்டிலேயே படுத்திருந்தால் பிற்காலத்தில் துருப்பிடித்துக் காரையைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். உத்தரத்தை ஒட்டி மேலே நிற்க வேண்டிய கம்பிகளை ஆட்கள் மிதித்து மிதித்துக் கீழே அமுக்கிவிட்டார்களா? இது நிறைய வீட்டில் நடக்கிறது, மேஸ்திரிகள் பலர் 'அதெல்லாம் ஒன்னும் ஆகாது சார்' என்பார்கள். ஆகும். அப்புறம், கலவை கெட்டியாக இருக்கிறது என்று ஒருவர் ஒரு வாளி தண்ணீரைக் கூடுதலாக ஊற்ற வருவார். அந்த வாளியைத் தடுப்பதுதான் அன்றைக்கு வீட்டுக்காரர் செய்யக்கூடிய மிகப் பெரிய வேலை.

இத்தனையும் ஒரே பதிவில் திணிக்க வேண்டாம். கவர் பிளாக் ஒரு பதிவு, படத்தோடு. வாளித் தண்ணீர் ஒரு பதிவு. தளம் போட்ட பின் பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்துவது இன்னொன்று. எத்தனை நாள் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்குச் சொல்வார்கள். ஐ.எஸ். 456 என்ற இந்தியத் தரநிலை, சாதாரண போர்ட்லண்ட் சிமெண்ட்டுக்குக் குறைந்தது 7 நாள், சாம்பல் போன்றவை கலந்த வகைக்குக் குறைந்தது 10 நாள் என்கிறது. வறண்ட வெயில் காலத்தில் அதுவே 10, 14 என்று கூடுகிறது. மூட்டையில் பி.பி.சி. என்று அச்சடித்திருந்தால் அது கலந்த வகை. இந்த ஒரு வரியைப் படித்தவர் எழுந்துபோய் மூட்டையைத் திருப்பிப் பார்ப்பார். பார்த்தாரே, அதுதான் மழைமானி.

முட்டுக் கொடுத்ததை எப்போது பிரிக்கலாம் என்பது நான்காவது பதிவு. தளத்தைத் தாங்கும் சுவர் அல்லது உத்தரங்களுக்கு நடுவே உள்ள தூரம் 4.5 மீட்டர் வரை என்றால் 7 நாள், அதற்கு மேல் 14 நாள் என்று அதே தரநிலை சொல்கிறது. பலகைக்கு வாடகை ஏறுகிறது என்று அவசரப்படுத்துவார்கள் என்பதையும் சேர்த்தே எழுதலாம். ஆக, ஒரு வீட்டின் ஒரு நாள் வேலையில் நான்கு பதிவு கிடைத்துவிட்டது. 'எழுத விஷயம் இல்லை' என்று சொல்பவர்கள் தங்கள் வேலையைத் தாங்களே கவனிக்காதவர்கள் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளக் கூடாது.

'தொழில் ரகசியத்தை இலவசமாகக் கொடுத்தால் யார் நம்மிடம் வருவார்?' என்று கேட்பார்கள். தரநிலை யார் வேண்டுமானாலும் படிக்கக் கிடைப்பது. அதைப் படித்து யாரும் தானே கம்பி கட்டப்போவதில்லை. நாற்பது லட்சம் போடுகிறவர், 'இது தெரிந்த ஆள் எங்கே கிடைப்பான்' என்று தேடும்போது உங்கள் முகம் நினைவுக்கு வர வேண்டும், அவ்வளவுதான். இன்னொரு லாபமும் இருக்கிறது. மற்ற பொறியாளர்கள் படிப்பார்கள். சிலர் வந்து திருத்துவார்கள். கொஞ்சம் குத்தலாகவே திருத்துவார்கள். சரியாக இருந்தால் நன்றி சொல்லி ஏற்றுக்கொள்ளுங்கள். அந்த உரையாடலை வீட்டுக்காரர்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

நெருங்கியவர்கள் அல்ல, லேசாகத் தெரிந்தவர்கள்

இதெல்லாம் வேலையாகவும் வாய்ப்பாகவும் எப்படி மாறுகிறது? 1973இல் மார்க் கிரானோவெட்டர் என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். பாஸ்டன் பக்கத்தில், தெரிந்தவர் மூலம் வேலை மாறியவர்களிடம், அந்தத் தெரிந்தவரை அப்போது எவ்வளவு அடிக்கடி பார்ப்பீர்கள் என்று கேட்டார். அடிக்கடி பார்ப்போம் என்றவர்கள் நூற்றுக்கு 17 பேர்கூட இல்லை. எப்போதாவது பார்ப்போம் என்றவர்கள் பாதிக்கு மேல். மற்றவர்கள், அபூர்வமாகத்தான் என்றார்கள்.

யோசித்தால் புரியும். நம் நெருங்கிய நண்பருக்குத் தெரிந்த காலியிடம் நமக்கும் தெரிந்திருக்கும். பழைய ஆபீஸில் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தவர் இப்போது வேறு உலகத்தில் இருக்கிறார், அங்கே என்ன நடக்கிறது என்பது நமக்குத் தெரியாது. 2022இல் லிங்க்ட்இன் தளத்தின் இரண்டு கோடி பயனர்களை ஐந்து ஆண்டுகள் வைத்துச் செய்த ஆய்வு ஒன்று வந்தது. மிதமான பழக்கம்தான் வேலை மாற அதிகம் உதவுகிறது என்று அதிலும் தெரிந்தது. முன்பெல்லாம் இந்த லேசான பழக்கத்தைக் காப்பாற்றக் கல்யாண வீட்டுப் பந்திதான் வழி. 'இப்ப எங்கப்பா இருக்க?' என்று கேட்டு, பாயசம் வருவதற்குள் பேச்சு முடிந்துவிடும். பதிவு எழுதுகிறவர் அந்தக் கேள்விக்கு வாரம் ஒருமுறை, ஒரே நேரத்தில் ஐந்நூறு பேருக்குப் பதில் சொல்லிவிடுகிறார்.

எந்தக் கடையில் சரக்கு வைப்பது?

உங்களிடம் வர வேண்டியவர்கள் எங்கே இருக்கிறார்களோ அங்கே. இது ஒன்றுதான் விதி. 2003இல் தொடங்கி, 2016இல் மைக்ரோசாப்ட் 2,620 கோடி டாலருக்கு வாங்கிய லிங்க்ட்இன், வேலைக்கு ஆள் எடுப்பவர்களும் நிறுவனங்களுக்குச் சேவை விற்பவர்களும் புழங்கும் இடம். மென்பொருள், மனிதவளம், ஏற்றுமதி மாதிரி துறைகளுக்கு அது சரி. வீட்டுக்காரர், விவசாயி, சின்னக் கடைக்காரர் வேண்டும் என்றால் யூடியூபும் வாட்ஸ்அப்பும்தான். டெல்டா விவசாயிகள் உரம் போடும் முன் வானிலைக் குரல் பதிவைக் கேட்கிறார்கள் என்றால், அது வயலில் நின்றபடியே காதில் வைத்துக் கேட்கக்கூடியது என்பதால். அவர்களுக்கு ஆங்கிலத்தில் நீளக் கட்டுரை எழுதி என்ன பயன்?

மொழியும் இதில் அடக்கம். தமிழில் எழுதினால் மதிப்புக் குறைந்துவிடுமோ என்ற தயக்கம் நம்மிடம் நிறைய இருக்கிறது. எழுதுவது வங்கி மேலாளருக்கா, வங்கியில் கடன் கேட்டு நிற்பவருக்கா என்பதைப் பொறுத்து முடிவு செய்யுங்கள். பல துறைகளில் தமிழில் நல்ல விளக்கமே கிடையாது. வருமான வரிப் படிவத்தைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதினால் நீங்கள் ஆயிரத்தில் ஒருவர். தமிழில் தெளிவாக எழுதினால் போட்டி மிகக் குறைவு. கலைச்சொல் கிடைக்கவில்லை என்று நிறுத்திவிடாதீர்கள். ஜனங்கள் ஜிஎஸ்டி, ரிட்டர்ன், ரீஃபண்ட் என்று சொன்னால் நீங்களும் அப்படியே எழுதுங்கள்.

அல்காரிதம் என்கிற பூதத்தைப் பற்றி ஒரு பத்தி போதும். எந்தத் தளமும் உங்கள் பதிவை எல்லோரிடமும் கொண்டுபோய்க் காட்டாது. முதலில் கொஞ்சம் பேருக்குக் காட்டும். அவர்கள் நின்றார்களா, தள்ளிவிட்டுப் போனார்களா என்று பார்க்கும். யூடியூப் 2012லேயே எத்தனை பேர் திறந்தார்கள் என்பதைவிட எவ்வளவு நேரம் பார்த்தார்கள் என்பதற்கு முக்கியத்துவம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. லிங்க்ட்இனும் ஒரு பதிவில் எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதாக 2020இல் சொன்னது. லிங்க்ட்இன் பதிவில் 3,000 எழுத்து வரை எழுதலாம். ஆனால் முதல் இரண்டு மூன்று வரி மட்டும்தான் தெரியும், மீதியைப் படிக்கத் தட்ட வேண்டும். ஆகவே 'அனைவருக்கும் வணக்கம், நீண்ட நாட்களாக எழுத வேண்டும் என்று நினைத்திருந்தேன்' என்று தொடங்காதீர்கள். வாளித் தண்ணீரில் தொடங்குங்கள். இதற்கு மேல் அல்காரிதத்தைத் துரத்துவது, கடை வாசலில் கோலம் போட்டுக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே சரக்கு வைக்க மறந்த கதை.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று கேட்டால், வாரம் இரண்டு போதும் என்பேன். தினமும் எழுதுவேன் என்று தொடங்கியவர்களில் மூன்றாவது வாரத்தில் காணாமல் போகாதவர்கள் குறைவு. முதல் ஆறு மாதம் கிணற்றில் கல் போட்ட மாதிரி இருக்கும். அப்போதும் எழுதுங்கள். பின்னால் யாராவது உங்களைத் தேடி வரும்போது படித்துப் பார்ப்பது அந்த ஆறு மாதப் பதிவுகளைத்தான்.

எல்லோரும் எல்லாம் எழுத முடியாது

இங்கேதான் புதிதாக வருகிறவர்கள் அடிபடுகிறார்கள். சில தொழில்களுக்கு விளம்பரமே தடை. வழக்கறிஞர்கள் நேராகவோ சுற்றிவளைத்தோ விளம்பரம் செய்யவோ வழக்குப் பிடிக்கவோ கூடாது என்கிறது இந்திய பார் கவுன்சிலின் 36ஆம் விதி. 2008இல் கொஞ்சம் தளர்த்தி, பெயர், முகவரி, தகுதி போன்ற சில விவரங்களோடு இணையதளம் வைத்துக்கொள்ள விட்டார்கள். இணையத்தில் வழக்கறிஞர் சேவையை விற்பனைப் பொருள் மாதிரி பட்டியலிடுவது பற்றிய வழக்கில் 2024 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், அப்படி விளம்பரம் செய்யும் வழக்கறிஞர்கள் மீது நடவடிக்கை எடுக்க பார் கவுன்சிலுக்கு உத்தரவிட்டது. மருத்துவர்களுக்கு 2002ஆம் ஆண்டு நெறிமுறை விதிகள் இருக்கின்றன, நோயாளியை வரச்சொல்லி அழைப்பது ஒழுங்கீனம். ஆடிட்டர்களுக்கு 1949ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே இந்தக் கட்டுப்பாடு உண்டு.

அப்படியென்றால் இவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டுமா? இல்லை. வாடகை ஒப்பந்தத்தை எப்போது பதிவு செய்ய வேண்டும் என்று வழக்கறிஞர் விளக்கலாம். டெங்குவில் எந்த அறிகுறி வந்தால் உடனே மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்று மருத்துவர் சொல்லலாம். விவரம் தருவது வேறு, ஆள் பிடிப்பது வேறு. 'எங்கள் கிளினிக்கில் நூறு சதவீதம் குணம்' என்று எழுதியதும் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். தன் கவுன்சிலின் விதியை ஒருமுறை முழுதாகப் படித்துவிட்டுத் தொடங்குவது நல்லது. விதி தெரியாமல் போட்ட ஒரு ரீல்ஸுக்குப் பின்னால் விளக்கக் கடிதம் எழுதிக்கொண்டிருப்பதைவிட அது சுலபம்.

பொருள் வாங்கிக்கொண்டு பரிந்துரைப்பவர்களுக்கும் கட்டுப்பாடு உண்டு. காசு மட்டுமல்ல, இலவசமாக வந்த சாமான், தங்கும் இடம் எதுவானாலும் அதை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம் ரூபாய் வரை, திரும்பச் செய்தால் 50 லட்சம் வரை அபராதம் போட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் இடம் உண்டு. நம் மதுரைப் பொறியாளருக்கு ஒரு டைல்ஸ் கடைக்காரர் கமிஷன் தருகிறார் என்றால் அந்தப் பதிவில் அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் மதிப்புக் குறையாது. சொல்லாமல் பின்னால் தெரிந்தால், கவர் பிளாக் பற்றி எழுதியதையும் சந்தேகமாகப் பார்ப்பார்கள்.

பங்குச் சந்தைப் பக்கம் போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். பதிவு பெறாமல் எந்தப் பங்கை வாங்கலாம், விற்கலாம் என்று சொல்வதை, பங்குச் சந்தையை ஒழுங்குபடுத்தும் அமைப்பான செபி அனுமதிப்பதில்லை. 2023 அக்டோபரில், பாடம் நடத்துகிறேன் என்ற பெயரில் ஆலோசனை சொன்ன ஒருவர் தரப்பிடமிருந்து 17 கோடி ரூபாய்க்கு மேல் மீட்கச் சொல்லி இடைக்கால உத்தரவு போட்டது. லட்சக்கணக்கானவர்கள் பின்தொடர்ந்த ஆள்தான்.

சம்பளத்துக்கு வேலை பார்ப்பவர்கள் தங்கள் அலுவலக விதியையும் பார்த்துக்கொள்ளுங்கள். வாடிக்கையாளர் வீட்டுப் படத்தைப் போடும் முன் அவரிடம் கேளுங்கள். கதவு எண்ணும் வண்டி எண்ணும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். இதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, ஆனால் தினமும் தவறுகிறது.

எப்போது தெரியும்?

வாக்கு செல்லத் தொடங்கிவிட்டது என்பதை லைக் எண்ணிக்கையில் தேடாதீர்கள். ஒரு நோட்டுப் புத்தகத்தில் வந்த கேள்விகளை எழுதிவையுங்கள். முதலில் தெரிந்தவர்கள், 'நல்லா எழுதுற' என்பார்கள். அது கணக்கில் சேராது. பிறகு தெரியாத ஒருவர் ஒரு சந்தேகம் கேட்பார். பிறகு நீங்கள் எழுதியதை யாரோ வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டு, அது சுற்றிச் சுற்றி உங்கள் சித்தப்பா வழியாக உங்களுக்கே வந்து சேரும், உங்கள் பெயர் இல்லாமல். எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அதை எழுதிவையுங்கள், அது பெரிய அறிகுறி. அடுத்த முறை படத்தின் ஓரத்தில் பெயர் போட்டுக்கொள்ளலாம்.

ஒருநாள் இரவு ஒன்பதரைக்குச் செய்தி வரும். 'சார், உங்க பதிவு பார்த்தேன். நாளைக்குக் காலையில எங்க வீட்டுத் தளம் போடுறோம். மேஸ்திரி கவர் பிளாக்குக்குப் பதிலா ஜல்லியை வச்சிருக்காரு. இது ஓகேவா?' இதற்கு 'ஓகே', 'ஓகே இல்லை' என்று ஒரே வார்த்தையில் பதில் போட்டுவிடாதீர்கள். படம் கேளுங்கள், அளவுகோல் பக்கத்தில் வைத்து எடுத்த படம். பார்த்துவிட்டு, எதைச் சரி செய்யச் சொல்லலாம் என்று சொல்லுங்கள். நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதது எது என்பதையும் அதே செய்தியில் எழுதுங்கள். அவர் காலை ஆறு மணிக்கு உங்கள் செய்தியைக் கையில் வைத்துக்கொண்டுதான் மேஸ்திரி முன்னால் போய் நிற்பார்.